கைவைக்காத கணினி

வீணையில் கம்பியை மீட்டும் சத்தம் பெரிது. சங்கீதம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். வலது கை ஓய்ந்துவிடும். இடது கை கம்பியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்கும். ஓசை அடங்கிக்கொண்டே வர, அந்த அடக்கத்துக்குள் கமகம் பிறக்கும். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் பல ஸ்வரங்களை இழுத்தே கொண்டுவருவார். கடைசி ஸ்வரம் வரும்போது கம்பியில் மிச்சம் இருப்பது முதல் ஓசையில் சின்னஞ்சிறு பங்கு. சரியாக அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் கணினியின் விசிறி வேகமெடுத்தால், மறைந்துபோவது ஏதோ பின்னணி விவரம் இல்லை, ராகமே.

பாடகர் எம். டி. ராமநாதன் இன்னும் கடினமான சோதனை. கீழ்ச் சுருதி, விளம்ப காலம், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே தம்புரா மட்டும் தனியாக ஒலிக்கும் நீண்ட இடைவெளிகள். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகளில் நாடாவின் இரைச்சல் ஏற்கெனவே உண்டு. அது அந்தக் காலத்தின் சொத்து, இருந்துவிட்டுப் போகட்டும். அதன் தலைமேல் நம் வீட்டு இரைச்சலையும் ஏற்றுவானேன்?

பாட்டு கேட்பதற்கென்றே ஒரு சிறு கணினியை ஒதுக்கி, அதில் லினக்ஸைப் போட்டு, சத்தமில்லாமல் மூலையில் உட்கார வைப்பது ஒரு தனிக் கலை என்றே சொல்வேன். கலை என்பது சேர்ப்பதில் இல்லை, கழிப்பதில்.

முதலில் காதுக்கு நேராகத் தெரியும் சத்தங்கள். ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றினால் வினாடிக்கு 90; 7200 என்றால் 120. அதாவது மேஜை முழுக்க 90 ஹெர்ட்ஸிலோ 120 ஹெர்ட்ஸிலோ ஓர் ஆதார சுருதி. பாடகர் எந்தக் கட்டையில் பாடினாலும் இது தன் கட்டையை விடாது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வந்த பிறகு இந்தத் தொல்லைக்கு நியாயமே இல்லை. ஒரு குறுந்தகட்டை ஃபிளாக் வடிவில் வைத்தால் அளவு ஏறக்குறைய பாதியாகும், ஆனால் ஒரு துளித் தகவலும் போகாது. ஒரு டெராபைட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தகடுகள் அடங்கும். அதற்கும் மேலே சேகரித்தவர்கள் பெரிய டிஸ்கை வேறு அறையில் வைத்து வலைக்கம்பி வழியாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது விசிறி. ஃபிளாக்கைப் பிரித்து எண்களாக்குவது இன்றைய பிராசசருக்கு ஒரு வேலையே இல்லை. பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். இன்டெல் என்100 போன்ற 6 வாட் சில்லுகளுக்கு ஒரு தடித்த உலோகக் கூடே போதும், விசிறி வேண்டாம். அதைவிட மலிவான வழி, வங்கிகளும் அலுவலகங்களும் கழித்துவிடும் தின் கிளையன்ட் பெட்டிகள். பலவற்றில் தொடக்கத்திலேயே விசிறி கிடையாது. சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். எனக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்த கடைக்காரருக்கு மனசாட்சி உறுத்தியிருக்க வேண்டும்.

“சார், இதுல விண்டோஸ் போட்டா இழுக்கும் சார். ஆபீஸ்ல கழிச்ச மால்.”

“பரவாயில்ல தம்பி, பாட்டு மட்டும்தான்.”

“பாட்டுக்கா? அதுக்கு மொபைல் போதுமே சார்!”

அவர் சொன்னதிலும் தப்பில்லை. பலருக்குப் போதும்.

விசிறி இல்லாத பெட்டிக்கு நம் ஊர் மே மாதம் ஒரு பரீட்சை. அறையே 38 டிகிரியில் இருக்கும்போது பெட்டி தன் சூட்டை யாரிடம் கொடுக்கும்? டிவி அலமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் திணித்து வைக்கக் கூடாது. செங்குத்தாக நிறுத்தி இரு பக்கமும் காற்று போக வழிவிட்டால் போதும். அடாப்டரையும் கவனிக்க வேண்டும். மட்டமான அடாப்டர்கள் கொசு பாடுவதுபோல் மெல்லிய கீச்சொலி எழுப்பும். காதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு குறும்பான கேள்வி எழும். தலைக்கு மேல் சீலிங் ஃபேன் ‘தடதட’வென்று சுற்றும்போது கணினியின் விசிறியைப் பற்றி என்ன விசாரம்? நியாயமான கேள்வி. ஆனால் சீலிங் ஃபேனின் சத்தம் பரந்தது, ஒரே சீரானது. சற்று நேரத்தில் காது அதைத் தள்ளிவைத்துவிடும். கணினி விசிறி சிறியது, குரல் உயர்ந்தது, சூட்டுக்கு ஏற்ப ஏறி இறங்குவது. மாறிக்கொண்டே இருக்கும் சத்தத்தைக் காதால் தள்ளிவைக்க முடியாது. தவிர, மார்கழியில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். ஹெட்போன்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே வேறு கணக்கு.

இனிப் பெட்டிக்கு உள்ளே இருக்கும் அமைதி. லினக்ஸை நான் ரசிப்பது இந்த இடத்தில்.

பாட்டுக் கோப்பிலிருந்து ஸ்பீக்கர் வரை எண்கள் நடந்துபோகும் பாதை ஒன்று உண்டு. கோப்பைப் பிரிக்கும் நிரல், அதன்பின் லினக்ஸின் கருவான கெர்னலின் ஒலிப்பகுதி, அதாவது அல்சா, அதன்பின் டாக் என்று நாம் சொல்லும், எண்களை ஒலியலையாக மாற்றும் சிறு பெட்டி. செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா 1998இல் தொடங்கியது அல்சா. மேஜைக் கணினிகளில் இந்தப் பாதைக்கு நடுவில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். முன்பு பல்ஸ்ஆடியோ, இப்போது பைப்வயர். அவர் வேலை, பாட்டு, யூடியூப், மின்னஞ்சல் வந்த ‘டிங்’ எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்புவது. கலக்க வேண்டுமென்றால் எல்லாம் ஒரே வேகத்தில் இருக்க வேண்டும். வழக்கமாக அந்த வேகம் வினாடிக்கு 48000 மாதிரிகள். குறுந்தகடோ 44100. 147க்கு 160 என்ற விகிதத்தில் புதிய புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பியாக வேண்டும். பதிவான எண்களில் ஏறக்குறைய ஒன்றுகூட அப்படியே போய்ச் சேராது.

உண்மையைச் சொல்ல வேண்டும்: இந்த மாற்றத்தை நன்றாகச் செய்யும் நிரல்கள் இருக்கின்றன, பெரும்பாலான காதுகளுக்கு வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியும் என்று பந்தயம் கட்ட மாட்டேன். கேள்வி அதுவல்ல. பாட்டு தவிர வேறெதுவும் ஓடாத பெட்டியில் கலப்பவருக்கு என்ன வேலை? அவரை அனுப்பிவிடலாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை மேஜைச் சூழல் எதுவும் இல்லாமல் வெறுமனே நிறுவினால் அவர் வந்து உட்காரவே மாட்டார். பாட்டு நிரல் அல்சாவிடம் நேராகப் பேசும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வேலையையும் நிரலிடமிருந்து பிடுங்கி ஆம்ப்ளிஃபயரின் குமிழுக்கே கொடுத்துவிட்டால், எண்கள் ஒன்றுவிடாமல் அப்படியே டாக்கைச் சேரும்.

சேருகிறதா என்று கண்ணால் பார்க்கவும் முடிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். கெர்னல் தன் நிலவரத்தையெல்லாம் சாதாரணக் கோப்புகள்போலத் திறந்து வைத்திருக்கிறது. ‘ப்ராக்’ அடைவுக்குள் ‘ஏசவுண்ட்’ என்று ஓர் அடைவு, அதற்குள் ஒலி அட்டைக்கு ஓர் அடைவு, இன்னும் இரண்டு படி கீழே இறங்கினால் ஏழெட்டு வரிகள் கொண்ட ஒரு குட்டிக் கோப்பு. பாட்டு ஓடாதபோது அதில் ‘க்ளோஸ்டு’ என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். குறுந்தகட்டுப் பாட்டை ஓடவிட்டுத் திறந்தால் இரண்டு சேனல், வேகம் 44100. அடுத்து 96000 வேகத்தில் பதிவான ஒன்றைப் போட்டால் சில டாக்குகளுக்குள் ரிலே ‘டிக்’ என்று ஒரு சத்தம் போடும், அந்த வரி 96000 ஆகியிருக்கும். 16 பிட் பாட்டு 32 பிட் என்று காட்டினால் பதற வேண்டாம். மீதி இடத்தைப் பூஜ்யங்கள் நிரப்பியிருக்கின்றன, பாட்டுக்குச் சேதமில்லை. எத்தனையோ ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் அழகான பெட்டிகளில் இப்படி உள்ளே எட்டிப் பார்க்க விடமாட்டார்கள்.

காலக் கணக்கும் ரசிக்கத் தக்கது. பழைய யூஎஸ்பி டாக்குகளில் கணினி அனுப்பும் வேகத்துக்கு ஏற்ப டாக் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருக்கும். கணினி தடுமாறினால் டாக்கும் தடுமாறும். இப்போதைய நல்ல டாக்குகளில் நிலைமை தலைகீழ். தாளம் போடுவது டாக், கூட வருவது கணினி. “கொஞ்சம் கூடுதலாக அனுப்பு, இப்போது குறைத்து அனுப்பு” என்று டாக் சொல்லிக்கொண்டே இருக்கும், கணினி கேட்டு நடக்கும். இத்தகைய டாக்குகள் பெரும்பாலும் பேசும் யூஎஸ்பி ஆடியோவின் இரண்டாம் வகுப்பு நெறியை லினக்ஸ் 2010 வாக்கிலேயே பேசக் கற்றுக்கொண்டது. விண்டோஸ் தானாக அதைப் பேசியது 2017இல்தான். அதுவரை ஒவ்வொரு டாக்குக்கும் தனி டிரைவர் தேடிப் போட வேண்டியிருந்தது.

கடிகாரம் டாக்கின் கைக்குப் போய்விட்டது என்று புரிந்தால் பாதி மூடநம்பிக்கைகள் தாமே உதிர்ந்துவிடும். வெள்ளிக் கம்பி யூஎஸ்பி கேபிளில் வயலின் இனிக்கிறது என்பவர்கள், இந்தக் கெர்னலில் தம்புரா சூடாகவும் அந்தக் கெர்னலில் குளிர்ந்தும் கேட்கிறது என்பவர்கள், எல்லோரையும் சந்தித்திருக்கிறேன். சண்டை போடுவதில்லை. ஆனால் ஒரு குழப்பத்தை மட்டும் விளக்கத்தான் வேண்டும். நிகழ்நேரக் கெர்னல் என்று ஒன்று உண்டு. பல ஆண்டுகள் வெளியே ஒட்டுப்போட்டே ஓட்டிய அந்த வேலை 2024இல் 6.12ஆம் பதிப்போடு லினக்ஸுக்குள்ளேயே வந்துவிட்டது. அது வாசிப்பவர்களுக்கானது. கீபோர்டில் கட்டையைத் தட்டியதும் மில்லி வினாடிகளுக்குள் ஓசை கேட்காவிட்டால் வாசிக்கவே முடியாது. கேட்பவனுக்கு அந்த அவசரம் எதற்கு? பொத்தானை அழுத்தி அரை வினாடி கழித்து வர்ணம் தொடங்கினால் யாருக்கு நஷ்டம்? நமக்கு வேண்டியது நேர் எதிரானது, தாராளமான பஃபர். முன்கூட்டியே நிறைய எண்களைத் தேக்கி வைத்துக்கொண்டால் பாட்டு நடுவில் ‘படக்’கென்று அறுபடாது, பிராசசரும் அடிக்கடி எழுந்திருக்க வேண்டாம். இசைக்கூடத்துக்காரர்களின் அறிவுரையை அப்படியே எடுத்துப் பஃபரைச் சுருக்கி வைத்துக்கொண்டு ‘லினக்ஸில் பாட்டு வெட்டுகிறது’ என்று புலம்புபவர்கள் நிறைய.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி பற்றி இரண்டு வார்த்தை. அதன் பழைய மாடல்களில் யூஎஸ்பியும் வலைத்தொடர்பும் ஒரே ஒற்றையடிப் பாதையில் போய்வந்தன. 2019இல் வந்த நான்காம் மாடலில்தான் பிரித்தார்கள். ஹெட்போன் துளை இருக்கும் மாடல்களில் அதை நம்பிப் பாட்டுக் கேட்காதீர்கள். டாக்கோ, மேலே பொருத்தும் ஒலிப் பலகையோ போட்டால் நல்ல பெட்டி.

நிரல் விஷயத்தில் என் ஓட்டு எம்பிடிக்கு. மியூசிக் பிளேயர் டீமன் என்பதன் சுருக்கம். 2003இல் வாரன் டியூக்ஸ் எழுதியது. அதற்கு முகமே கிடையாது. பாடும் வேலையை மட்டும் அது பார்க்கும், கட்டளை கொடுப்பது உங்கள் கைப்பேசியிலோ மடிக்கணினியிலோ இருக்கும் வேறொரு செயலி. இரண்டும் பேசிக்கொள்வது வெற்று எழுத்துகளில். டெல்நெட்டில் போய் ‘ப்ளே’ என்று தட்டினால் ‘ஓகே’ என்று பதில் வரும், ஸ்பீக்கரில் பாட்டு வரும். அடக்கமான வேலைக்காரர்.

அதில் இன்னொரு அருமை, இடைவெளி விடாமல் வாசிப்பது. கச்சேரித் தகடுகளில் ஆலாபனை ஒரு டிராக், தானம் ஒரு டிராக், பல்லவி ஒரு டிராக் என்று வெட்டியிருப்பார்கள். மேடையில் அது ஒரே ஓட்டம். எம்பி3இல் ஒவ்வொரு கோப்பின் முனையிலும் வெறுமை ஒட்டிக்கொண்டு வரும். தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் தம்புராவே ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஃபிளாக்கில் அந்த வெறுமை இல்லை, எம்பிடியும் தன் பங்குக்கு எதையும் நுழைப்பதில்லை.

பெயர்ப்பட்டிகள்தான் நம் சங்கீதத்துக்குச் சரிப்படாத சட்டை. ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், ஜானர் என்ற கட்டங்கள் மேற்கத்திய பாப் தகடுகளை மனதில் வைத்துத் தைத்தவை. ஃபிளாக் கோப்புக்குள் ராகம், தாளம் என்று எந்தக் கட்டத்தையும் நாமே சேர்க்கலாம், உள்ளே தமிழிலும் எழுதலாம். ஆனால் எம்பிடி தன் பட்டியலில் உள்ள கட்டங்களை மட்டும்தான் பார்க்கும். எனவே நான் ஜானர் கட்டத்தைக் கைப்பற்றி ராகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கர்நாடக சங்கீதம் என்று எல்லாக் கோப்பிலும் எழுதி யாருக்கு என்ன லாபம்? இப்போது தோடியைத் தொட்டால் நாகஸ்வரத் தோடி, வீணைத் தோடி, குரல் தோடி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன.

கடைசியாகக் கரண்ட். இந்தப் பெட்டியை ரேடியோபோலச் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே அணைக்க முடிய வேண்டும்; அணைக்காவிட்டாலும் மின்வாரியம் அணைத்துவிடும். அதனால் அமைப்பு முழுவதையும் எழுத முடியாத, படிக்க மட்டுமே கூடிய நிலையில் பூட்டிவிடுவது நல்லது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால்தானே கோப்பு கெடும்? எம்பிடிக்கு மட்டும் ஒரு சிறு மூலையை எழுதத் திறந்துவிட்டால், எந்தப் பாட்டில் எத்தனையாவது வினாடியில் நிற்கிறோம் என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அங்கே குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் ஏறக்குறைய விட்ட இடத்திலிருந்து தொடரும். அமைப்புக் கோப்பில் ‘எழுந்ததும் நிறுத்தியே வை’ என்று ஒரு வரி எழுதலாம். அதை அவசியம் எழுதுங்கள். இல்லையென்றால் இரவு பத்து மணிக்குப் போன கரண்ட் இரண்டு மணிக்குத் திரும்பும்போது, ஆம்ப்ளிஃபயரும் கூடவே எழுந்து, பாதியில் நின்ற தனி ஆவர்த்தனத்தை வீடு முழுக்கக் கேட்க மிருதங்கமும் கடமும் முடித்து வைக்கும்.