ரிவால்வரா, பிஸ்டலா?

வாஞ்சிநாதன் ஆஷ் துரையை ரிவால்வரால் சுட்டார் என்று போன வாரம் மறுபடி ஒரு கட்டுரையில் படித்தேன். பள்ளி ஆண்டுவிழா நாடகத்திலிருந்து பட்டிமன்றம் வரை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷனில் வெடித்தது ரிவால்வர் அல்ல. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் ஆட்டோமேட்டிக் பிஸ்டல்.

'ரெண்டும் துப்பாக்கிதானே சார், செத்தவருக்கு என்ன வித்தியாசம்?' என்பீர்கள். செத்தவருக்கு இல்லைதான். சுட்டவருக்கு உண்டு. சுடச் சொல்லிக் கொடுத்தவருக்கு இன்னும் அதிகம் உண்டு. சொல்லிக் கொடுத்தது எங்கே என்று கேட்டால் புதுச்சேரிக்காரர்கள் கருவடிக்குப்பத்துப் பக்கம் கை காட்டுவார்கள். இன்றைக்கு உழவர்கரை நகராட்சியில் அடக்கம். பாரதியின் குயில் தோப்பு என்று சொல்கிறார்களே, அதே வட்டாரம். அங்கே தோப்புக்குள் வ.வே.சு. ஐயர் இளைஞர்களுக்குச் சுடப் பழக்கினார் என்பது செவிவழியாக வரும் சங்கதி. செவிவழி வேண்டாம், காகிதம் வேண்டும் என்பவர்களுக்கு 1918-ல் வந்த ரௌலட் கமிட்டி அறிக்கை இருக்கிறது. புனலூரில் திருவாங்கூர் காட்டிலாகாவில் வேலை பார்த்த வாஞ்சி, 1911 தொடக்கத்தில் மூன்று மாத லீவு போட்டுவிட்டு புதுச்சேரி போய் ஐயரிடம் 'ரிவால்வர்' பயிற்சி எடுத்துக்கொண்டதாக அதில் வருகிறது.

வம்பு இங்கேதான் ஆரம்பம். பயிற்சி ரிவால்வரில், கொலை பிஸ்டலிலா? என் யூகம் எளிமையானது. அந்தக் கால போலீஸ் பாஷையில் கைக்குள் அடங்குவதெல்லாம் ரிவால்வர். நம் ஊரில் எல்லா பற்பசையும் கோல்கேட் ஆன மாதிரி. அவர்கள் அவசரத்தில் எழுதினார்கள். நாம் நூறு வருஷமாகக் காப்பி அடிக்கிறோம்.

சரி, என்ன வித்தியாசம்? ரிவால்வரில் ஒரு உருளை, அதில் பெரும்பாலும் ஆறு அறை, அறைக்கு ஒரு தோட்டா. விசையை இழுத்தால் உருளை ஒரு அறை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வந்து நிற்கும். சுழற்றுவது நம் விரல் பலம். சுட்ட காலிக் கூடு உருளையிலேயே தங்கிவிடும். பிஸ்டலில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் ஒரு மேகஸினில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். முதல் தடவை மட்டும் மேலே உள்ள ஸ்லைடை நாம் பின்னுக்கு இழுத்து விடவேண்டும். அப்புறம் வெடிப்பின் உதையே ஸ்லைடைத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒருதரம் இழுத்தாக வேண்டும். அதனால் இன்றைய கணக்கில் இது செமி ஆட்டோமேட்டிக். அன்றைக்கு வெறும் 'ஆட்டோமேட்டிக்' என்றே சொன்னார்கள்.

சில வருஷங்களுக்கு முன் நண்பர் ஒருவர் தயவில் ஒரு ரைபிள் கிளப்பில் இரண்டையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் .32, இரண்டும் நம் அரசாங்க ஆர்டனன்ஸ் ஃபேக்டரி சரக்கு. ஒன்றின் தோட்டா மற்றதில் போகாது என்பதே எனக்கு முதல் செய்தி. ரிவால்வரை ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்ளலாம். உருளையைத் திறந்தால் எத்தனை தோட்டா பாக்கி என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விசை! சுத்தியலைக் கட்டை விரலால் முன்கூட்டியே இழுத்து வைக்காமல் நேராக விசையை இழுத்தால், துருப்பிடித்த தாழ்ப்பாளை ஒரு விரலால் நகர்த்துகிற மாதிரி இருந்தது. அந்த முக்கலில் கை ஆடி, குண்டு பலகையின் இடது கீழ் மூலைக்குப் போயிற்று. பிஸ்டல் இதற்கு நேர்மாறு. விசை இளகு, குண்டு ஓரளவு சொன்ன இடத்துக்குப் போகிறது. ஆனால் அதற்கு முன்னால் எத்தனை சடங்கு! மேகஸின் 'கிளிக்' என்று உட்கார வேண்டும், ஸ்லைடைத் தயங்காமல் இழுத்து விடவேண்டும், சேஃப்டியைத் தட்ட வேண்டும். மணிக்கட்டைத் தொளதொளவென்று வைத்திருந்தால் ஸ்லைடு பாதியில் நின்று மாட்டிக்கொள்கிறது. எனக்கு இரண்டு தடவை மாட்டியது.

"மேகஸினைக் கழட்டிட்டா காலின்னு நெனைக்காதீங்க சார். உள்ளே ஒண்ணு ஒக்காந்திருக்கும்" என்றார் பயிற்சியாளர். உலகம் பூராவும் 'காலித் துப்பாக்கி' விபத்துகளில் கணிசமானவை அந்த ஒன்றால்தான்.

இன்னொரு முக்கிய வேறுபாடு. தோட்டா வெடிக்கவில்லை என்றால் ரிவால்வர்காரர் மறுபடி விசையை இழுத்தால் போதும், அடுத்த அறை வந்துவிடும். பிஸ்டல்காரர் ஸ்லைடை இழுத்து செத்த தோட்டாவை வெளியே தள்ளியாக வேண்டும். பழகாத கைக்கு, எதிரே ஆள் இருக்கும்போது, அந்த இரண்டு விநாடி ரொம்ப நீளம். (நம் சினிமா வில்லன்கள் ரிவால்வரில் சைலன்ஸர் மாட்டுவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சத்தம் தாராளமாக வெளியே வரும். ரஷ்யாவின் நாகான் மாதிரி அந்த இடுக்கை அடைத்துக்கொள்ளும் ஒன்றிரண்டு தவிர, மற்றதில் மாட்டுவது வீண் செலவு.)

இப்போது மணியாச்சிக்குப் போவோம். முதல் வகுப்புப் பெட்டி. திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பயணம். தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காகக் காத்திருக்கும் நேரம். வாஞ்சி பெட்டியில் ஏறிக் கிட்டத்தில் நின்று நெஞ்சில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடி அங்கேயே தன்னை முடித்துக்கொண்டார்.

அந்தத் தூரத்தில் குறி பார்க்க என்ன இருக்கிறது? தோப்பில் மரத்துக்கு மரம் பலகை மாட்டி, அர்ச்சுனன் கிளியின் கழுத்தைப் பார்த்த மாதிரி வாஞ்சியைக் குறி பழக்கினார் ஐயர் என்று எழுதுகிறார்களே, அந்தச் சித்திரம் எனக்கு ஒட்டவே இல்லை. பிஸ்டல் என்று வைத்துப் பாருங்கள், பயிற்சிக்கு வேறு அர்த்தம் வருகிறது. பழக வேண்டியது கண் அல்ல, கட்டை விரலும் மணிக்கட்டும். ஏற்றுவது, பூட்டுவது, சேஃப்டியை எடுப்பது, மாட்டிக்கொண்டால் பதறாமல் இழுத்து விடுவது. காட்டிலாகா உத்தியோகஸ்தர் ஒருவர் நாட்டுத் துப்பாக்கியைப் பார்த்திருப்பார். மடிப்பில்லாமல் கோட்டுப் பையில் தூங்குகிற இந்த பெல்ஜியம் சாமான் அப்போது இந்தியாவுக்கே புதுசு.

அந்தத் தட்டைதான் அதன் பெருமை. அமெரிக்காக்காரர் ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் ஹெர்ஸ்டால் ஊர்த் தொழிற்சாலை 1900-ல் கொண்டுவந்த மாடல் அறுநூற்றுச் சொச்சம் கிராம்தான், ஏழு தோட்டா. வெள்ளைக்கார அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்ளி ரிவால்வர் ஏறக்குறைய ஒரு கிலோ, நடுவே உருளை வேறு புடைத்துக்கொண்டிருக்கும். வெப்ளி உறையில் போட்டு ஊருக்குக் காட்டுவதற்கு. பிரௌனிங் காட்டாமல் இருப்பதற்கு. லண்டனிலிருந்து சாவர்க்கர் இந்தியாவுக்கு ரகசியமாக அனுப்பிய இருபதும் பிரௌனிங் பிஸ்டல்கள்தான். 1909 டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்ஸன் கொலையில் அவை வெளியே வந்தன. அதே வருஷம் ஜூலையில் கர்ஸன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்க்ரா, லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஒரு ரேஞ்சில் காசு கொடுத்துப் பழகியவர். அவர் கொண்டுபோனது கோல்ட் ஆட்டோமேட்டிக். ரேஞ்சுக்காரரே நீதிமன்றத்தில் வந்து சாட்சி சொன்னார். ஐயர் அப்போது லண்டனில், இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்தவர். எந்தச் சாமான் வேலைக்கு ஆகும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? 1914-ல் சரயேவோவில் உலக யுத்தத்துக்குத் திரி கிள்ளியதும் ஹெர்ஸ்டாலில் செய்த பிரௌனிங்தான்.

புதுச்சேரி ஏன் என்பதற்கும் துப்பாக்கியே பதில் சொல்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் ஒன்றும் வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சட்டம் பிரெஞ்சு எல்லைக் கல்லோடு நின்றுபோகும். லண்டனில் கடை வைத்துச் சொல்லிக் கொடுத்ததை இங்கே தோப்பில் இலவசமாகச் சொல்லிக் கொடுக்க முடிந்தது.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தை வரி வரியாகப் பிரித்து, அது தேசபக்தியா, ஜாதி வெறியா என்று இன்றும் அடித்துக்கொள்கிறோம். அடித்துக்கொள்ள வேண்டிய கடிதம்தான், அதில் பஞ்சமன் என்ற சொல் விழுந்திருக்கும் விதம் அப்படி. ஆனால் அதே ஆளின் கையில் இருந்த இன்னொரு சாட்சியத்தை ஒருவரும் உற்றுப் பார்க்கவில்லை. பக்தர்களுக்கு வில்லாளி வேண்டும், எதிராளிகளுக்குக் கொலைகாரன் வேண்டும். இரண்டு கட்சிக்கும் 'ரிவால்வர்' போதுமானதாக இருக்கிறது. அந்த பிஸ்டல் காட்டுகிற ஆள் வேறு. லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு புது மெஷினைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டு, மறுபடி ஊருக்கு ரயில் ஏறிய சர்க்கார் உத்தியோகஸ்தர். வில்லாளியைவிட எனக்கு இவர்தான் அதிகம் பயம் தருகிறார்.

வார்த்தைக்கும் ஒரு வழி பண்ண வேண்டும். ரிவால்வருக்குச் சுழல்துப்பாக்கி என்று நல்ல தமிழ் இருக்கிறது. பிஸ்டலைக் கைத்துப்பாக்கி என்றால் ரிவால்வரும் அதில் வந்துவிடும். தானியங்கி என்றால் மெஷின்கன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். நல்ல சொல் அகப்படும்வரை வாஞ்சி கட்டுரைகளில் 'பிரௌனிங் பிஸ்டல்' என்றே போடலாம்.