தாளக்காரரைப் பின்தொடரும் லூப்

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில், பங்குனிப் பொங்கல் கச்சேரிக்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மெல்லிசைக் குழுவினரோடு அமர்ந்து, ஏபிள்டன் நிறுவனத்தார் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட லைவ் 11 இசை மென்பொருளின் 'டெம்போ ஃபாலோயர்' என்னும் வசதியைப் பரீட்சித்துப் பார்த்தேன்.

இதன் அவசியத்தைக் கணக்கே சொல்லும். நிமிஷத்துக்கு 120 தட்டு என்ற காலப்பிரமாணத்தில் நந்நான்கு தட்டாக நான்கு பார் கொண்ட லூப், அதாவது திரும்பத் திரும்ப ஒலிக்கும் பதிவுத் துண்டு, 8 விநாடி ஓடும். சபையின் உற்சாகத்தில் டிரம்ஸ் வாசிப்பவர் தம்மையறியாமல் 122-க்கு ஏறிவிட்டால், அவருடைய நான்கு பார் 7.87 விநாடியிலேயே முடிந்துவிட, சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும் அந்த வித்தியாசம் நான்காவது சுற்றின் முடிவில் ஒரு முழுத் தட்டையே விழுங்கிவிடும். இதற்கு வழக்கமான பரிகாரம், வாசிப்பவர் காதில் கிளிக் சத்தத்தை ஓடவிட்டு அவரை யந்திரத்துக்கு அடங்கி நடக்கச் செய்வதே. நாதஸ்வரமும் தவிலும் ஒன்றையொன்று அனுசரித்து, சுவாமி புறப்பாட்டின் வேகத்தோடு தாமும் ஏறியிறங்குவதைக் கேட்டு வளர்ந்த நமக்கு, லயத்தின் அதிகாரத்தை இப்படிக் கைமாற்றிக் கொடுப்பது அநியாயமாகவே படுகிறது.

இந்த வசதியோ கணினியைத் தாளக்காரருக்குப் பின்னால் நடக்கவைக்கிறது. பேஸ் டிரம்மின் உள்ளே வைத்த மைக்கை அதற்குரிய உள்ளீடாகக் குறித்து, திரையின் மேற்பட்டையில் உள்ள 'ஃபாலோ' பொத்தானை அழுத்தியதும், டெம்போ எண் வாசிப்போடு மெல்ல அசையத் தொடங்கிற்று. டோலக் லூப்பும் சுருதி பிசகாமல் நீண்டும் சுருங்கியும் உடன் வந்தது. லூப்பை நீட்டிச் சுருக்கும் முறைகளில், டோலக் போன்ற தாள லூப்புக்கு 'பீட்ஸ்' முறையும், குரல் லூப்புக்கு 'டோன்ஸ்' முறையும் பொருந்தும். 'ரீ-பிட்ச்' வைத்தால் வேகத்தோடு சுருதியும் ஏறிவிடும், ஆகையால் பாட்டுக் கச்சேரிக்கு அது ஆகாது.

ஒழுங்கான தட்டு கிடைக்கும்வரைதான் எந்த யந்திரத்தாலும் காலத்தை ஊகிக்க முடியும். ஆகவே, தாளமின்றி விருத்தம் பாடும் இடங்களில் 'ஃபாலோ'வை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். மேடைக்கருகே வேட்டுப் போடும் நம் ஊர்களில், 'ஃபாலோ'வுக்கென வைக்கும் மைக்கை டிரம்முக்கு வெளியே வைக்கவே கூடாது. வெடிச் சத்தமும் தட்டோடு தட்டாகக் கலந்துவிடும்.

பேஸ் டிரம்மைச் சீராக வாசிக்கும் குழுவினர் இதைத் தயங்காமல் கைக்கொள்ளலாம். தவில் ஒன்றே தாளத்தைத் தாங்க, வித்துவான் நினைத்த இடத்தில் மேல்காலம் பாயும் மேளத்துக்கோ, லூப்பே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.