எண்ணூரின் கறுப்புகள்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, விண்ணில் எவ்வளவு நல்ல கேமரா இருந்திருந்தாலும் மேகத்தைத்தான் படம் பிடித்திருக்கும். ரேடாருக்கு மேகமும் ஒன்றுதான், நள்ளிரவும் ஒன்றுதான். ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் செயற்கைக்கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, ஐந்தரை சென்டிமீட்டர் அலைநீளக் கதிரைச் சாய்வாக அனுப்பி, திரும்பி வருவதை மட்டும் பதிகிறது. அசையாத நீர் அந்தக் கதிரை அப்பால் தள்ளிவிடும். அதனால் வெள்ளம் படத்தில் கறுப்பாக விழும்.

விதி இவ்வளவுதான். வடசென்னையின் எண்ணூரில் வைத்துப் பார்த்தால்தான் அதன் நயம் தெரியும். கொசஸ்தலை ஆறு கறுப்பு. உப்பளப் பாத்தி மழையில்லாத நாளிலும் கறுப்பு. அனல்மின் நிலையச் சாம்பல் குளத்தின் வழவழப்பான பரப்பும் கறுப்பாகத் தெரியலாம். அந்த டிசம்பரில் மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்து பக்கிங்காம் கால்வாய் வழியே முகத்துவாரத்தில் பரவியதே எண்ணெய், அதற்கும் நிறம் கறுப்புதான். படலம் சிற்றலைகளை அமுக்கிவிடும். காற்று வீசி நீர் சிலிர்த்தாலோ, நிஜமான வெள்ளமே சாம்பலாக வெளுத்துவிடும்!

ஊருக்குள் வந்தால் கணக்கு தலைகீழ். வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க கேரம் போர்டு போதும்: மூலையருகே இரண்டு பக்கச் சட்டத்திலும் மோதிய ஸ்ட்ரைக்கர் அடித்தவர் பக்கமே திரும்புகிறதல்லவா? தெருவில் நிற்கும் தண்ணீரும் வீட்டுச் சுவரும் சேர்ந்து கதிரை அப்படித்தான் திருப்புகின்றன. ஆகவே திருவொற்றியூரில் வெள்ளம் புகுந்த தெரு, காய்ந்த நாளைவிட வெளிச்சமாகத் தெரியக்கூடும். ராயபுரத்துச் சந்துபோலக் குறுகிவிட்டால், கட்டட நிழலில் தண்ணீர் அகப்படவே அகப்படாது.

இத்தனை மயக்கத்தையும் ஒற்றை அளவுகோலால் பிரிக்க முடியாது. உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகும் ஆழ்கற்றல் இங்கேதான் அழகு. யூ-நெட் என்ற வலையமைப்பு 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பிறந்தது, நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களின் ஓரத்தைப் பிரிக்க. படத்தைப் படிப்படியாகச் சுருக்கி அக்கம்பக்கம் என்னவென்று அறியும். பிறகு விரிக்கும்போது, சுருக்கத்தில் தொலைந்த ஓரங்களை முந்தைய படிகளிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். நேர்க்கோட்டுக் கரைகளுக்கு நடுவே கறுப்பு இருந்தால் பாத்தி, வளைந்து கிளைத்தால் கழி என்று பழகிக்கொள்கிறது. உயிரணுவின் ஓரம் தேடிய கணக்கு ஆற்றின் ஓரம் தேடுவதை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

கணக்கோடு கதிரும் மேம்பட்டிருக்கிறது: பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோள், 24 சென்டிமீட்டர் அலையையும் கொண்டது. அது இலைகளை ஊடுருவி, அலையாத்தி மரங்களின் அடியில் நிற்கும் நீரையும் காட்டக்கூடியது.

ஆனாலும் கடலேற்றத்தில் உயர்ந்த நீர் எது, மழை கொண்டுவந்தது எது என்பதை இயந்திரத்துக்கு யாராவது முதலில் கோடிட்டுக் காட்ட வேண்டும். வடசென்னைக்கு வெள்ள வரைபடம் செய்வோரே, அந்தக் கோட்டை எண்ணூரின் தாழங்குப்பத்து, காட்டுக்குப்பத்து மீனவர்களோடு உட்கார்ந்து வரையுங்கள்.