கூனும் குறளும்: காதலில் உருவ ஒப்பு

சங்க அகப்பாடல்களிலே தலைவன் தலைவியரின் தோள், மார்பு, கண், கூந்தல் என்பன விரித்துரைக்கப்படும் அளவுக்கு அவர்தம் உயரம் பேசப்படுவதில்லை. காரணத்தை அறிய நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், காதலர்க்குரிய பத்து வகை ஒப்புகளைக் கூறுமிடத்துப் பிறப்பையும் குடிமையையும் முன்வைத்து, வயதையும் உருவையும் அவற்றோடு சேர்த்துக்கொள்கின்றது. ஒப்பு முன்நிபந்தனையாக அமைந்துவிட்டபின் அதனை விளக்கவேண்டிய தேவை புலவனுக்கு எழுவதில்லை. அந்நூலின் களவியலோ தலைவன் தலைவியினும் மிக்கவனாயிருத்தல் குற்றமன்று என்று இசைவு தருகின்றது. பெண் மிக்கவளாதற்கு அவ்விசைவு இல்லை. இவ்விதி உயரத்தைக் கருதி எழுந்ததன்று என்பது மெய்யே; ஆயினும் ஞாயிறு இதழ்களின் மணமகன் தேவை விளம்பரங்களில் அடி, அங்குலக் கணக்கைப் படிக்கும்போது இவ்விதி நம் நினைவுக்கு வராமற் போவதில்லை.

ஆண் பெண்ணினும் உயர்ந்திருத்தல் இயற்கையின் விருப்பம் என வாதிடுவோர் உளர். மேலைநாட்டுத் தம்பதியர் 720 பேரிணைகளை ஆராய்ந்து 1980இல் கில்லிஸ், ஏவிஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மனைவி கணவனினும் உயரமாயிருந்தது ஓரிணையில் மாத்திரமே. இது வாதத்துக்கு வலுவூட்டுவதுபோல் தோன்றும். ஆனால் தன்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களின் 207 மணங்களைப் பற்றி 2009இல் வெளிவந்த ஆய்வு, அவற்றில் 8.2 வீதமானவற்றில் மனைவியே உயரமானவள் எனக் காட்டியது. உயரத்தைப் பொருட்படுத்தாது இணைந்திருப்பினும் ஏறத்தாழ அவ்வளவே இருந்திருக்கும். ஓரினக்குழுவின் சான்றுகொண்டு அனைத்தையும் நிறுவிவிட முடியாது. எனினும் இயற்கை என்று கூறப்படுவது சமூக வாழ்நிலையின் வயப்பட்டது என்ற ஐயத்தை எழுப்புவதற்கு இது போதுமானது.

உயரம் பேசுபொருளாகும் அரிய பாட்டொன்று கலித்தொகையில் உண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் அச்சேற்றிய அத்தொகையின் 94ஆம் பாட்டு அது. அரண்மனைப் பணியாளராகிய குறளன் ஒருவனும் கூனி ஒருத்தியும் அதில் உரையாடுகின்றனர். குறளன் அவளை விரும்பி வழிமறிக்கின்றான். அவள் முதலில் எடுக்கும் ஆயுதம் அவனது உயரமே. பறவைக்குஞ்சு என்கிறாள், சூதாடும் பலகையை நிமிர்த்து வைத்தாற் போன்றவன் என்கிறாள், உன்போன்றவர் எம்மைத் தீண்டவும் கூடுமோ என்கிறாள். அவனும் விட்டுவைப்பதில்லை. முன்புறம் தழுவினால் கூன் நெஞ்சில் ஊன்றும், பின்புறம் தழுவினால் கிச்சுக்கிச்சு மூட்டும், ஆதலாற் பக்கவாட்டில் இடங்கொடு என இரக்கின்றான்.

இதனை நகைச்சுவைப் பாட்டு என்று கூறி அமைவோரே பலர். நகை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. அந்நகை யாருடையது என்பதே வினா. பண்டை அரண்மனைகளிற் கூனரும் குறளரும் குற்றேவல் செய்வோராக வைக்கப்பட்டிருந்தமையைச் சிலப்பதிகாரமும் காட்டும். அவர்களின் உடற்குறையே அவர்களது தொழிற்றகுதி. உடையோரின் நிமிர்ந்த மேனிக்கு அவர்கள் எதிர்நிலைக் காட்சிப்பொருள். அத்தகையோர் ஒருவரையொருவர் அளப்பதற்குக் கையிலெடுக்கும் அளவுகோல் தம்முடையதன்று. தன்னை நகும் மாளிகையின் கண்களால் அவனைப் பார்த்தே அவள் அவனைக் குள்ளன் என்கிறாள். ஆளும் வர்க்கத்தின் கருத்துநிலை ஆளப்படுவோரின் காமத்துள்ளும் புகுந்து பணியாற்றுவதை இதனினும் கூர்மையாகக் காட்டும் பாட்டு அகத்தொகைகளில் உண்டா என்பது ஐயமே.

உரைமரபு இதனைப் பெருந்திணையாகக் கொள்ளும். அடியோரும் வினைவலரும் அன்பின் ஐந்திணைக்குப் புறம்பானோர் என்ற விதியே அதற்கு ஆதாரம். பெருந்திணை பொருந்தாக் காமம் எனவும் விளக்கப்படுவது. எதற்குப் பொருந்தாதது? இவ்விருவரும் பிறப்பாலும் தொழிலாலும் நிலையாலும் ஒத்தவர்கள். மெய்ப்பாட்டியல் கேட்கும் ஒப்புகளுட் சில இவர்களிடம் நிறைவாகவே உள்ளன. இலக்கணம் அதனைக் காண மறுக்கின்றது.

பாட்டின் திருப்பம் இங்கேதான் நிகழ்கின்றது. இனி நம்முள் நகுதலை விடுவோம் என ஓர் உடன்பாடு பிறக்கின்றது. அக்கணமே அவள் பேச்சு மாறிவிடுகின்றது. ஏளனத்துக்குரிய குள்ளனாயிருந்தவன் சாயல் மிக்க மார்பினன் ஆகிவிடுகின்றான். அவன் ஓர் அங்குலமும் வளரவில்லை. அளவுகோல் மாத்திரமே கீழே வைக்கப்பட்டது. பேய்கள் இரண்டு கூத்தாடுகின்றன என்று மாளிகையிலுள்ளோர் சிரியாதபடி சோலைக்குச் சென்று தழுவுவோம் என்கின்றனர்.

புலவரை முற்போக்காளராக்கும் அவசரம் நமக்கில்லை. இப்பாட்டைக் கேட்டுச் சிரித்தோர் அம்மாளிகையினரே ஆதல் கூடும். நகையை விடுவோம் என்ற உடன்பாட்டுக்கும் அரசன் அடிமீதே ஆணையிடப்படுகின்றது. தம் தழுவலுக்கு அவர்கள் காணும் உவமையோ, அவையத்தார் ஓலையைக் கட்டி இடும் இலச்சினை.