புகைபோக்கி வைத்த தோட்டம்

சிங்காரப்பேட்டையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுற்றினாலும், கூரையில் செங்கல் புகைபோக்கி வைத்த வீட்டைப் பார்ப்பது கஷ்டம். வாசலில் வெள்ளை பெயின்ட் அடித்த குட்டை மரவேலி? சான்ஸே இல்லை. ஆனால், தையல் கிளாஸ் போன பெண் இருக்கும் வீட்டுக்குள் நுழைந்து, ஹாலில் டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கும் ஃப்ரேமைப் பாருங்கள். அநேகமாக இரண்டும் இருக்கும். கூடவே, வேலியோரம் பதினைந்து இருபது ரோஜா. எல்லாம் சாட்டின் ரிப்பனில் போட்டவை. சிங்காரப்பேட்டை என்றில்லை, ஓசூரோ உங்கள் தெருவோ, எங்கேயும் இதே தோட்டம்தான்.

இந்த வாரம் அந்த ஃப்ரேமைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம். வீட்டுப் பெண்கள் மாதக்கணக்கில் கண்ணைக் கொடுத்துப் போடுகிற எம்பிராய்டரிக்கு மட்டும் "அட, நீயே போட்டதா?" என்பதோடு நம் விமர்சனம் முடிந்துவிடுகிறது. கேட்க பாராட்டு மாதிரி இருக்கும். உண்மையில், பார்க்காமலே நகர்ந்துவிட நாம் கண்டுபிடித்த வழி அது.

ரிப்பன் எம்பிராய்டரி, 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் அரண்மனைச் சீமாட்டிகளின் கவுன்களில் பூத்தது. நூலில் பூ போட்டால் துணியோடு படிந்து கிடக்கும். ரிப்பனுக்கு அகலம் உண்டு. மடியும், சுருளும், எழுந்து நிற்கும். வகுப்பில் 'ஸ்பைடர் வெப் ரோஸ்' என்று ஒன்று சொல்லித் தருவார்கள். முதலில் நூலில் ஐந்து ஆரக்கால். அப்புறம் ரிப்பனை ஒரு காலுக்கு மேலே, அடுத்த காலுக்குக் கீழே என்று சுற்றிக்கொண்டே வரவேண்டும். கால்கள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றிலும் மேல்-கீழ் மாறிப் பின்னல் அமையும். இழுத்துச் சுற்றினால் சட்டை பட்டன். கொஞ்சம் தளர விட்டால் ரோஜா.

முப்பரிமாணம், த்ரீ-டி என்கிறார்களே, அதில் பாதி ரகசியம் இந்தத் தளர்ச்சி. மீதிப் பாதி, கண்ணுக்குத் தூரம் காட்டுவது. முன்னால் நிற்கும் செடிக்கு 7 மில்லிமீட்டர் ரிப்பன், நடுவில் 4, பின்னால் வெறும் நூலில் பொட்டு பொட்டாக 'ஃப்ரெஞ்ச் நாட்'. பின்னால் போகப் போக நிறமும் வெளுக்க வேண்டும்.

நம் ஃப்ரேம்களில் என்ன நடக்கிறது? முன்வரிசை ரோஜாவும் அடிவானத்து ரோஜாவும் ஒரே சைஸ், ஒரே சிவப்பு. ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ரோல் தீரும்வரை போட்ட மாதிரி. பார்த்தால் பூக்கடை ஞாபகம்தான் வருகிறது.

அடுத்த கொடுமை கண்ணாடி. மூன்று மாதம் பாடுபட்டு எழுப்பி நிறுத்திய இதழ்களை, தூசி படியக்கூடாது என்று ஃப்ரேம் கடையில் கொடுத்து, தோசை மாதிரி தட்டையாக அழுத்தி வாங்கி வருகிறோம். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, பெட்டி மாதிரி ஃப்ரேம் போடச் சொன்னால் போதும். யாரும் சொல்வதில்லை.

இதே ஆசையின் பிரமாண்ட வடிவம் ஊட்டியில், படகு இல்லத்துக்கு எதிரே அமைந்தது. நூல் தோட்டம். 'த்ரெட் கார்டன்' என்றால் டூரிஸ்ட் பஸ்காரர்களுக்கும் தெரியும். இலை, தண்டு, பூ எல்லாம் நூல். ரிப்பனும் கிடையாது, ஊசியும் கிடையாது, மெஷினும் கிடையாது. கையால் நூலைச் சுற்றிச் சுற்றியே செய்தது. உருவாக்கியவர் அந்தோணி ஜோசப். 50 பெண்கள், 12 வருஷம், 6 கோடி மீட்டர் நூல் என்பது அந்தத் தோட்டத்தைப் பற்றிச் சொல்லப்படும் கணக்கு.

பி.காம். படித்தவனிடம் இந்த எண்களைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? வகுத்துப் பார்த்தேன். ஒரு பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் மீட்டர். வருஷத்துக்கு 300 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், தினம் 333 மீட்டர். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு, பூக்களைவிட விரல்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. அந்தோணி ஜோசப்பின் பெயர் ஊருக்குத் தெரியும். மற்றவர்கள் நம்மிடம் '50' என்ற எண்ணாகத்தான் வந்து சேர்ந்தார்கள்.

வேலைப்பாடு அசாத்தியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு நாம் தரும் பாராட்டைக் கவனியுங்கள். "ஆறு கோடி மீட்டராம்!" அப்புறம், "அப்படியே நிஜப் பூ மாதிரி!" முதலாவது ஸ்டாக் புத்தகத்தில் எழுத வேண்டியது. இரண்டாவதற்கு நீலகிரி முழுக்க நிஜப் பூ இருக்கிறதே! கையால் செய்த பூவில் நிஜப் பூவில் இல்லாத ஒன்று வேண்டும். செய்தவள் அந்தப் பூவை எப்படிப் பார்த்தாள் என்பது தெரிய வேண்டும்.

அது தெரிகிற கைவேலை அதே நீலகிரியில் இருக்கிறது. தோடர்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் எம்பிராய்டரி. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியது. வரைபடம் கிடையாது. துணியின் இழையை எண்ணியே போடுகிறார்கள். எங்கே கண்டாலும் தோடர் வேலை என்று சொல்லிவிடலாம். ஓசூர் எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போனால், வடக்கே தார்வாட் பக்கத்து கசூதி. சேலையில் கோபுரம், தேர், துளசி மாடம். அவர்கள் வாசலில் இருப்பது சேலையில் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சிங்காரப்பேட்டை வாசலில் என்ன குறைச்சல்? அடிவானத்துக்கு ஜவ்வாது மலை. கிருஷ்ணகிரி மாவட்டம் என்றாலே மாந்தோப்பு. ரிப்பனைத் துணியிலிருந்து மேலே எடுத்து, அந்த ரிப்பனின் மேலேயே ஊசியைக் குத்தி இறக்கினால், ஓரம் சுருண்டு நுனி கூர்மையாக விழும். அசல் மாவிலை! கொழுந்துக்கு மட்டும் செம்பு நிற ரிப்பன். சாமந்திக்கு மெல்லிய ரிப்பனில் அடுக்கடுக்காகச் சின்னக் கண்ணிகள். தொட்டாலே துவளும் கனகாம்பர இதழுக்கு ரிப்பனைவிடப் பொருத்தமான சாமான் உண்டா? டிசைன் புத்தகத்தில் புகைபோக்கி போட்டவள் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்ததைப் போட்டாள். நாம் அவள் ஜன்னலைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

கடைசியாக, காசு விஷயம். ஓசூர் பசுமைக் குடிலில் விளையும் ரோஜாவுக்குத் தண்டின் நீளத்தை அளந்து ரகம் பிரிக்கிறார்கள், ரகத்துக்கு ஒரு விலை. பிப்ரவரி 14 வந்தால் வெளிநாட்டுக்குப் பறக்கிறது. அதே மாவட்டத்துப் பெண்கள் கம்பெனி பஸ் ஏறிப்போய், குட்டிக் குட்டிப் பாகங்களைப் பிசகில்லாமல் பொருத்துகிறார்கள். அங்கே அந்த விரலுக்குச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. அதே விரல் வீட்டில் ரிப்பன் ரோஜா போட்டால், "சும்மா இருந்த நேரத்துல போட்டது" என்று அம்மாவே சொல்கிறார். யாராவது கேட்டால் ரிப்பன் விலையோடு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். மூன்று மாத உழைப்பு அந்த நூறு ரூபாய்க்குள் அடக்கம்!

ஆகவே, தோட்டம் போடும் சகோதரிகளே, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உங்கள் ஊர் தினக்கூலியோடு பெருக்கி விலை சொல்லுங்கள். பேரம் பேசினால் பேசட்டும், கணக்கு தெரிந்து பேசட்டும். துணியின் வலது மூலையில் உங்கள் பெயரையும் தைத்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேலைதான். அடுத்த தடவை அந்த மாதிரி ஃப்ரேமைப் பார்த்தால், "எத்தனை நாள் ஆச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் போய், பூவைக் காட்டி, "இது என்ன செடிம்மா?" என்று கேளுங்கள். பதில் வர நேரமாகிறது என்றால், அது புத்தகத்துச் செடி. உடனே பெயரைச் சொல்லி, "எங்க கொல்லையில நிக்குதே!" என்று வந்தால், விலையைக் கேட்டு முழுசாகக் கொடுத்து வாங்கிவிடுங்கள்.