மீன் தொட்டிக்குத் தானியங்கி தேவையா?

மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டாரைத் தானாகப் போட்டு நிறுத்தும் கருவி பல வீடுகளில் உண்டு. அதையே சிறிதாக்கி, வற்றும் நீரை நிரப்ப மீன் தொட்டியில் வைக்க, அர்டுயினோ என்ற மின்னணுப் பலகையில் பழகுகிறவர்கள் ஆசைப்படுகிறார்கள். செய்வது சுலபம்தான். ஆனால் மாடியில் தொட்டி வழிந்தால் தண்ணீர் வீண், அவ்வளவே. கூடத்தில் மீன் தொட்டி வழிந்தால் பக்கத்து ப்ளக் பாயிண்டும் நனையும். ஆகவே இக்கருவி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதைவிட, கெட்டுப்போனால் என்ன செய்யும் என்று பார்ப்பதே சரி.

சென்சாரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. மலிவாகக் கிடைக்கும், செம்புக் கோடுகள் வெளியே தெரியும் நீர்மட்டத் தகடு ஆகவே ஆகாது. நேர்மின்னோட்டம் பாயப் பாயச் செம்பு தண்ணீரில் கரையும். இறாலும் நத்தையும் அதைத் தாங்கமாட்டா. எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற ஒலியலை சென்சார் தண்ணீரைத் தொடாது, நல்லதுதான். ஆனால் 2 செ.மீ.க்குக் குறைந்த தூரத்தை அது அளக்காது. மூடிக்கடியில் தேங்கும் ஈரமும் அதை அரித்துவிடும். தேறுவது பழைய மிதவை சுவிட்ச் ஒன்றே. அதன்மேலும் நத்தை ஏறி உட்கார்ந்தால் கணக்கு தப்பும்.

பம்பைப் போட்டு நிறுத்தும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் நிரல் என்ன சொன்னாலும் பம்பு நிற்காது. அதற்கான காப்பு, பம்பு நீர் எடுக்கும் கேனின் அளவில் இருக்கிறது. 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்பது 1.8 லிட்டர். விளிம்புக்குக் கீழே 3 செ.மீ. விட்டிருந்தால் 5.4 லிட்டர் கொள்ளும். 4 லிட்டர் கேனிலிருந்து நிரப்பினால், எது பழுதானாலும் வழியாது. வீட்டுக் குழாயை நேராக இணைப்பவர்கள் இந்தக் காப்பை இழக்கிறார்கள். குளோரின் கலந்த நீரென்றால் அதையும் உள்ளே விடுகிறார்கள். டியூபின் முனை எப்போதும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கவேண்டும். மூழ்கியிருந்தால், பம்பு நின்ற பிறகு தொட்டி நீர் கீழே இருக்கும் கேனுக்குத் தானே இழுபட்டு ஓடும்.

இவ்வளவு பாடுபட்டு என்ன பலன்? கடல்மீன் தொட்டியில் பலன் நிச்சயம். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். 35 கிராம் உப்புள்ள ஒரு லிட்டரில் 5 சதவீதம் வற்றினால் உப்பளவு லிட்டருக்கு 37 கிராமை நெருங்கிவிடும். ஆர்.ஓ. நீரைச் சிறுகச் சிறுக விட்டுக்கொண்டிருக்க ஆள் வைக்கமுடியாது. நன்னீர்த் தொட்டியிலோ கருவி கெடுதலும் செய்யும். போர் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கடினத்தன்மை ஏறும். மட்டம் குறையாததால் தண்ணீர் மாற்றும் நாளும் மறந்துபோகும்.

கடல்மீன் வளர்ப்பவர் இரண்டு மிதவை சுவிட்சுகளும் ஒரு சிறு கேனும் வைத்துச் செய்துகொள்ளலாம். கப்பியும் தங்கமீனும் வளர்ப்பவருக்கு ஒரு கண்ணாடி மூடி போதும்.