டார்ச் எரியவில்லையா? முதலில் கேமராவைத் திறங்கள்

ஸ்மார்ட்போனில் டார்ச் என்று தனியாக எதுவும் கிடையாது. கேமராவுக்கென்று வைத்த ஃபிளாஷ் எல்இடியைத்தான் நாம் டார்ச்சாகப் புழங்கிக்கொண்டிருக்கிறோம். 2003இல் வந்த நோக்கியா 1100இல் கதை வேறு. போனின் உச்சியில் தனி விளக்கு இருந்தது. சி பட்டனை அழுத்திப் பிடித்தால் எரியும், விட்டால் அணையும். வெளிச்சம் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லாததால் சண்டைக்கும் வழியில்லை. இன்றைய போனில் டார்ச், கேமரா வீட்டில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. வீட்டுக்காரர் உள்ளே ஏதாவது செய்துகொண்டிருந்தால் குடித்தனக்காரருக்கு விளக்கு கிடையாது. டார்ச் தொடர்பான புகார்களில் நிறைய இந்த ஒரே காரணத்தில் வந்து நிற்கின்றன.

என்னிடம் உள்ள நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றில் சமீபத்தில் டார்ச் நின்றுபோனது. திரையை மேலிருந்து இழுத்தால் வரும் டார்ச் பட்டன் சாம்பல் நிறமாகிக் கிடந்தது, தொட்டால் அசையவில்லை. இதற்கு யூடியூபிலும் செல்போன் கடைகளிலும் சொல்லப்படும் வைத்தியங்கள் ஏராளம். ரீஸ்டார்ட் பண்ணு, கேஷை அழி, புது டார்ச் ஆப் போடு, ஃபேக்டரி ரீசெட் அடி, போர்டைப் பார்க்கணும் விட்டுட்டுப் போங்க. இந்த வைத்தியங்களைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். சிலது நல்ல வைத்தியம், ஆனால் தவறான நேரத்தில் செய்யப்படுகிறது. ஒன்று சுத்த மோசடி.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை. கேமரா ஆப்பைத் திறந்து, ஃபிளாஷை 'ஆட்டோ'வில் விடாமல் 'ஆன்' நிலையில் வைத்து, உள்ளங்கையைப் படம் எடுங்கள். ஆட்டோவில் விட்டால் வெளிச்சமான அறையில் ஃபிளாஷ் அடிக்காது. அதைப் பார்த்துவிட்டு விளக்கே போச்சு என்று பதறுகிறவர்கள் உண்டு. ஃபிளாஷ் அடித்தால் எல்இடி நலமாக இருக்கிறது, கோளாறு மென்பொருளில்தான், பைசா செலவில்லை. அடிக்கவில்லை என்றாலும் உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். கேமராவே திறக்காமல் கறுப்புத் திரையோடு நின்றால், கேமராவை நிர்வகிக்கும் மென்பொருள் மாட்டிக்கொண்டிருக்கலாம். ரீஸ்டார்ட் என்ற வைத்தியம் நன்றாக வேலை செய்வது இந்த இடத்தில்தான்.

அடுத்து வீடியோவுக்குப் போய் விளக்கைப் போட்டுப் பாருங்கள். புகைப்பட ஃபிளாஷும் வீடியோ விளக்கும் ஒரே எல்இடி என்றாலும் ஓடுகிற மின்சாரம் வேறு. படம் எடுக்கும்போது கண் சிமிட்டும் நேரத்துக்கு அதிக மின்னோட்டம் பாயும். டார்ச்சிலும் வீடியோவிலும் குறைந்த மின்னோட்டம் தொடர்ந்து ஓடும். அதனால்தான் கிழண்டுபோன பேட்டரி உள்ள சில போன்களில் டார்ச் சமத்தாக எரிகிறது, ஃபிளாஷோடு படம் எடுத்தால் மட்டும் போன் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. மாற்றவேண்டியது பேட்டரி. அதை ஃபிளாஷ் கோளாறு என்று கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், கேமராப் பக்கம் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பட்டன் சாம்பல் நிறமாகக் கிடந்தால் யாரோ கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். வாட்ஸ்அப் வீடியோ கால் ஓடும்போது பல போன்களில் டார்ச் வராது. டீக்கடையில் பணம் கட்ட க்யூஆர் ஸ்கேனரைத் திறந்திருக்கும்போதும் இதே கதைதான். ஸ்கேனருக்குள்ளேயே ஒரு டார்ச் குறி இருக்கும், அதைத்தான் தொடவேண்டும். ஆண்ட்ராய்டு 12, ஐஓஎஸ் 14 முதல் எந்த ஆப் கேமராவைப் பயன்படுத்தினாலும் திரையின் மேல் ஓரத்தில் பச்சையாக ஒரு அடையாளம் தெரியும். நீங்கள் கேமராவைத் தொடாதபோதும் அது தெரிந்தால், பின்னணியில் ஓடும் ஆப்களை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

சூடும் சார்ஜும் பழுதல்ல, போன் தானாக எடுக்கும் முடிவு. மே மாத வெயிலில் பைக் ஹேண்டிலில் மாட்டி மேப் பார்த்துக்கொண்டு போன ஐபோன், குளிரும்வரை ஃபிளாஷ் கிடையாது என்று சொல்லிவிடும். ஆண்ட்ராய்டுகளிலும் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்தால் டார்ச்சை மறுக்கும் மாடல்கள் உண்டு. நிழலில் வையுங்கள், சார்ஜ் போடுங்கள், சரியாகிவிடும். சீக்கிரம் குளிரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துவிடும். மங்கலாக எரிகிறது என்பது வேறு புகார். ஐபோனில் டார்ச் பட்டனை அழுத்திப் பிடித்தால் வெளிச்சத்தின் அளவு வரும். சாம்சங்கில் பட்டனுக்குப் பக்கத்திலுள்ள பெயரைத் தொட்டால் வரும். குழந்தைகள் கையில் போன போனில் அது அடிமட்டத்தில் இருப்பது சகஜம். பழைய கவர் நகர்ந்து விளக்கின் பாதியை மறைத்திருப்பதும் அப்படித்தான்.

இனி மென்பொருள் வைத்தியம். செட்டிங்ஸில் ஆப்கள் பட்டியலுக்குப் போய், கேமராவைத் தேர்ந்து, ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்து, கேஷை அழியுங்கள். எடுத்த படங்கள் போகாது. என் போனில் இதைச் செய்ததும் டார்ச் வந்தது, ஆனால் நிலைக்கவில்லை. திரும்பவும் சாம்பல். அப்படித் திரும்பத் திரும்ப வந்தால் சேஃப் மோடுதான் சரியான வழி. பல ஆண்ட்ராய்டு போன்களில் பவர் மெனுவில் தெரியும் 'பவர் ஆஃப்' என்பதை அழுத்திப் பிடித்தால் சேஃப் மோடுக்குப் போகவா என்று கேட்கும். அந்த நிலையில் நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது. அங்கே டார்ச் ஒழுங்காக எரிந்தால் குற்றவாளி அந்த ஆப்களில் ஒன்று. என் போனில் அது, அழைப்பு வரும்போது ஃபிளாஷை மின்னவைக்கும் ஒரு இலவச ஆப். அதைத் தூக்கியதும் தொல்லை தீர்ந்தது. அந்த வசதி வேண்டுமென்றால் ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டுகளிலும் அணுகல்தன்மை அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, வெளி ஆப் தேவையே இல்லை.

மோசடி என்று சொன்னது டார்ச் ஆப்களைத்தான். ஒரு காலத்தில் அவற்றுக்கு நியாயம் இருந்தது, போனோடு டார்ச் பட்டன் வராத காலம் அது. ஐபோனுக்கு 2013இல் ஐஓஎஸ் 7 மூலமும், ஆண்ட்ராய்டுக்கு 2014இல் 5.0 மூலமும் அந்தப் பட்டன் வந்துவிட்டது. அதே 2013இல்தான் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற ஆப்பை உருவாக்கிய நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கிய அந்த ஆப், பயனாளர் இருக்கும் இடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது என்பதே குற்றச்சாட்டு. ஆண்ட்ராய்டு 6.0 முதல் ஒரு ஆப் டார்ச்சைப் போட கேமரா அனுமதிகூடத் தேவையில்லை. அப்படியிருக்க இருப்பிடமும் தொடர்பு எண்களும் கேட்கிற டார்ச் ஆப்புக்கு வேறு வேலை இருக்கிறது என்று அர்த்தம். தவிர, போனின் சொந்த டார்ச் பட்டன் செய்யமுடியாத எதையும் அது செய்யப்போவதில்லை. எல்இடி ஒன்றுதான், அதை இயக்கும் சிப்பும் ஒன்றுதான்.

சேஃப் மோடிலும் எரியவில்லை, ஃபிளாஷும் அடிக்கவில்லை என்றால் வன்பொருள் பக்கம் போகலாம். ஷாவ்மி, ரெட்மி போன்களில் டயல் பேடில் *#*#6484#*#* அடித்தால் வன்பொருள் சோதனைப் பட்டியல் திறக்கும். அதில் ஃபிளாஷ் விளக்கைத் தேடி, தனியாக இயக்கிப் பாருங்கள். வேறு போன்காரர்கள் போனை அணைத்துவிட்டு ஃபிளாஷ் கண்ணாடியை உற்றுப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். எல்இடி உண்மையில் தருவது நீல ஒளி. மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரோடு கலந்துதான் அது வெள்ளையாக வெளியே வருகிறது. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. மஞ்சள் பொட்டு கருகிப்போயிருந்தால் எல்இடி எரிந்துவிட்டது. சில போன்களில் இளமஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு எல்இடி இருக்கும். வெளிச்சத்தின் நிறம் திடீரென்று மாறியிருந்தால் அவற்றில் ஒன்று போயிருக்கலாம்.

இதற்கு மேல் கடைதான். ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரிலோ உள்ள கைதேர்ந்த மெக்கானிக், பின்பக்கத்தைக் கழற்றி மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து எல்இடியின் முனைகளைத் தொடுவார். லேசாக மின்னினால் எல்இடி உயிரோடு இருக்கிறது, கோளாறு ஃபிளெக்ஸ் கேபிளிலோ போர்டிலுள்ள டிரைவர் சிப்பிலோ. பல ஐபோன் மாடல்களில் ஃபிளாஷும் பவர் பட்டனும் பின்பக்க மைக்கும் ஒரே ஃபிளெக்ஸில் வருகின்றன. எனவே பவர் பட்டன் மாற்றி வந்த பிறகு டார்ச் நின்றால் அந்த ஃபிளெக்ஸை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். போன் கீழே விழுந்த பிறகோ மழையில் நனைந்த பிறகோ நின்றிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், அவர் தேடும் நேரம் பாதியாகும். பசை ஒட்டிய பின்கண்ணாடியை ஒருமுறை திறந்தால், தண்ணீர் புகாது என்ற பழைய உறுதி பிறகு செல்லாது.

ஆக, ஃபிளாஷ் சோதனைக்கும் சேஃப் மோடுக்கும் முழு மதிப்பெண். கேஷ் அழிப்பதற்குப் பாதி. டார்ச் ஆப்புக்குப் பூஜ்யம். ஃபேக்டரி ரீசெட், சேஃப் மோடில் எரிந்தும் எந்த ஆப் என்று பிடிபடாதவர்களுக்கு மட்டும், அதுவும் படங்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுத்த பிறகு. வாரண்டி இருந்தால் வெளிக்கடையில் திறக்காமல் நேராக கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய்விடுங்கள். வாரண்டி முடிந்த போன், கேமராவும் நன்றாக வேலை செய்கிறது, இரவில் படம் எடுக்கும் பழக்கமும் இல்லை என்றால், டார்ச்சுக்காக மட்டும் அதன் முதுகைப் பிரிக்காதீர்கள். சார்ஜ் போடும் கையடக்க டார்ச் ஒன்று வாங்குவது அதைவிட மலிவு.